பல் முளையில் ஒரு நோயெதிர்ப்பு ஏற்பி: சிந்து முதல் எர்லாங்கன் வரை

மனிதக் கரு ஆறு வார வயதை எட்டும்போது, அதன் வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேலடுக்கு தாடையின் வளைவை ஒட்டி ஒரு பட்டையாகத் தடிக்கத் தொடங்குகிறது; அந்தப் பட்டையிலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறு மொட்டுகள் அடித்திசுவுக்குள் இறங்கி, முதலில் தொப்பி வடிவமும் பின்னர் மணி வடிவமும் பெற்று, எனாமலும் டென்டினும் படியும் பல் முளைகளாகின்றன. உடலின் வெளிப்பரப்பில் உரோமமும் வியர்வைச் சுரப்பியும் தோன்றும் முறையும் ஏறத்தாழ இதுவே என்பதால், கருவியலார் இம்மூன்றையும் புறப்படையிலிருந்து, அதாவது கருவின் வெளியடுக்கிலிருந்து, பிறக்கும் உறுப்புகள் என்று ஒரே வகைக்குள் அடக்குவர். எங்கே மொட்டு விடுவது, எவ்வளவு வளர்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அண்டைச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் புரதச் செய்திகளே தீர்மானிக்கின்றன. அச்செய்தியைப் பெற்றுக்கொள்வதற்காகச் செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் புரதம் ஏற்பி எனப்படும். பல் முளையில் இப்பணியைச் செய்யும் ஏற்பிகளுள் ஒன்றான ஈடார், கிருமிகளை எதிர்கொள்ளும்போது வெள்ளணுக்கள் பயன்படுத்தும் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 1999-இல்தான் தெரியவந்தது. ஆயினும் இந்தச் செய்தித் தொடர் பழுதானால் உடலில் என்ன நேரும் என்பது அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏடுகளில் பதிவாகியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த அறிவைக் காத்து வளர்த்தவர்கள் நோயெதிர்ப்பியல் அறிஞர்கள் அல்லர், சில குடும்பங்களின் வம்சாவளியைக் குறித்துவைத்தவர்களும் கூண்டுகளில் சுண்டெலி வளர்த்தவர்களுமே ஆவர்.

1848-இல் ஜான் தர்னம் என்ற ஆங்கிலேய மருத்துவர், தோலும் உரோமமும் பற்களும் ஒருசேரக் குறைவளர்ச்சி அடைந்திருந்த இருவரைப் பற்றி எழுதினார். மூன்று உறுப்புகளிலும் ஒரே நேரத்தில் குறை காணப்படுவது தற்செயலாக இருக்க முடியாது என்ற எண்ணத்திற்கு அக்கட்டுரை இடமளித்தபோதிலும், அது அக்காலத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. அடுத்த பதிவு இந்தியாவிலிருந்து சென்றது. வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் மாறுபாடுகளைப் பற்றி 1868-இல் தாம் வெளியிட்ட நூலை 1875-இல் சார்லஸ் டார்வின் திருத்திப் பதிப்பித்தபோது, வெடர்பர்ன் என்பவர் அவருக்குத் தெரிவித்த ஒரு செய்தியை அதில் சேர்த்துக்கொண்டார். சிந்து மாகாணத்தைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு, இரு தாடைகளையும் சேர்த்து எண்ணினாலும், வலுவற்ற நான்கு சிறு வெட்டுப்பற்களும் எட்டுக் கடைவாய்ப்பற்களும் மட்டுமே இருந்தன. அவர்களுடைய உடலில் உரோமம் மிகக் குறைவு, தலை இளமையிலேயே வழுக்கையாகிவிடும், கோடையில் தோல் வறண்டு பெரிதும் துன்புறுவர். அக்குடும்பத்துப் பெண்கள் எவருக்கும் இக்குறை வரவில்லை, ஆனால் அவர்கள் வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு அது வந்தது. குறையுடைய தந்தையிடமிருந்து மகனுக்கு அது சென்ற நிகழ்வு ஒன்றுகூட இல்லை.

இன்றைய மாணவர் எவரும் இவ்விவரத்தைப் படித்த உடனே, தாயின் வழியாக மகனுக்குச் செல்லும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுவின் நடத்தை இது என்று சொல்லிவிடுவார். டார்வினுக்கு அந்த வசதி இல்லை. மெண்டலின் பட்டாணிச் சோதனைகள் 1866-இலேயே அச்சேறியிருந்தும் அறிவுலகின் கண்ணில் படாமல் கிடந்தன. குரோமோசோம் என்ற பெயரே இன்னும் பிறக்கவில்லை. விளக்கம் சொல்ல இயலாத நிலையிலும், எந்த விவரத்தையும் தம் கொள்கைக்கு ஏற்பத் திரிக்காமல் கேட்டபடியே பதிந்துவைத்ததுதான் டார்வின் இத்துறைக்குச் செய்த உதவி. பரம்பரை பற்றிய அவருடைய கொள்கை காலாவதியான பின்னும் அந்தக் குறிப்பு பயன்பட்டதற்கு அதுவே காரணம். இருபதாம் நூற்றாண்டில் சிந்துவைச் சேர்ந்த தாதானி என்ற அறிவியலர் அப்பகுதியின் பல்லற்ற ஆண்களைப் பற்றி 1921-இலும் 1934-இலும் அமெரிக்க மரபியல் இதழொன்றில் எழுதி, அக்குறை வம்சத்தில் இறங்கும் முறையை மெண்டலிய விதிகளோடு பொருத்திக் காட்டினார். இதற்கிடையில் 1929-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவரான வீச், தோல், பல், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவின் ஒரே அடுக்கிலிருந்து வருபவை என்பதைச் சுட்டி, இந்நோய்க்குப் பரம்பரைப் புறப்படைக் குறைபாடு என்ற பெயரை வழங்கினார். இதில் உயிருக்கு ஆபத்தானது பல் இல்லாமை அன்று, வியர்க்காமையே ஆகும். வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாத கைக்குழந்தைகளுக்கு, காரணம் புரியாத கடும் காய்ச்சல் வந்து சிலர் இறந்தும் போயினர்.

மனிதக் குடும்பங்களைக் கொண்டு இதற்கு மேல் முன்னேறுவது கடினமாக இருந்தது. ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், கருவைத் திறந்து பார்க்கவும் முடியாது. இந்தத் தடையை நீக்கியது எலி வளர்ப்பு என்ற, வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடிய ஒரு தொழில். விசித்திர நிறமும் நடையும் கொண்ட சுண்டெலிகளை அழகுக்காக வளர்ப்பது கிழக்காசியாவில் பழைய பொழுதுபோக்கு. ஜப்பானில் 1787-இலேயே அதற்கென ஒரு கையேடு அச்சிடப்பட்டது. பிரிட்டனில் இப்பழக்கம் பரவி, 1895-இல் எலி வளர்ப்போருக்கான தேசியச் சங்கம் ஒன்று தோன்றி, எலிகளுக்குப் போட்டியும் பரிசும் நடத்தியது. மெண்டலின் விதிகள் 1900-இல் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தபோது, ஒரு பாலூட்டி விலங்கில் அவற்றைச் சோதித்துப் பார்க்க ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்ட விலங்குகள் இவ்வாறு ஏற்கெனவே தயாராக இருந்தன. பொழுதுபோக்காளர்களின் கூண்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்த பின்னும் தொழிலின் அடிப்படை மாறவில்லை: ஒவ்வொரு ஈற்றையும் பார்வையிட்டு, வழக்கத்திற்கு மாறான குட்டியைத் தனியே பிரித்து, அதன் பெற்றோரையும் உடன்பிறப்புகளையும் அட்டையில் குறித்து, இனங்கலந்து, மீண்டும் பார்வையிடுவதே வேலை. கூர்மையான கண்ணும் ஒழுங்கான பதிவேடும் மட்டுமே அதற்கு மூலதனம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொழிலின் முதன்மையான மையங்களுள் ஒன்றாக எடின்பரோவின் விலங்கு மரபியல் நிறுவனம் விளங்கியது. அங்கே பணியாற்றிய டக்ளஸ் ஃபால்கனர், ஃப்ரேசர், கிங் ஆகியோருடன் சேர்ந்து 1951-இல் ஒரு புதிய எலி வகையை விவரித்தார். அதன் உரோமம் மெலிந்தும் நெளிந்தும் காணப்பட்டதால் கிரிங்கிள்டு என்று அதற்குப் பெயரிட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் வெளியிட்ட மற்றொரு எலி இன்னும் புகழ்பெற்றது. அதன் ஆண்களுக்குக் காதின் பின்புறம் வழுக்கையாகவும் வால் மொட்டையாகவும் இருந்தன. தாயிடமிருந்து குறை மரபணுவையும் தந்தையிடமிருந்து நல்ல மரபணுவையும் பெற்ற பெண் எலிகளின் முதுகிலோ பூனைக்கு இருப்பதைப் போன்ற குறுக்குக் கோடுகள் தெரிந்தன. வரிப்பூனையைக் குறிக்கும் டேபி என்ற பெயர் இவ்வாறே அந்த எலிக்கு வந்தது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதைக் கலப்புச் சோதனைகள் உறுதிசெய்தன. 1960-இல் டவுன்லெஸ் என்ற மூன்றாவது வகையும் சேர்ந்துகொண்டது. இம்மூன்று எலிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எது என்று பிரித்தறிவது கடினம்: மூன்றுக்கும் ஒரே மாதிரியான உரோமக் குறை, பாதத்தில் வியர்வைச் சுரப்பி இன்மை, சிறுத்துப்போன கடைவாய்ப்பல். ஆனால் ஒன்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமிலும் மற்ற இரண்டின் மரபணுக்கள் இருவேறு குரோமோசோம்களிலும் இருந்தன. வெவ்வேறு இடத்து மரபணுக்கள் மூன்றும் பழுதாகும்போது விளைவு ஒன்றாகவே இருக்குமானால், அவை ஒரே வேலையின் அடுத்தடுத்த படிகளாக இருக்க வேண்டும் என்பது எலி வளர்த்தவர்களின் ஊகம். சோஃபேர் என்ற ஆய்வாளர் 1969-இல் இம்மூன்றையும் ஒரே நோய்த்தொகுதியாகக் கருதியே தம் கட்டுரைகளுக்குத் தலைப்பிட்டார். எந்தப் புரதமும் கைக்கு எட்டாத காலத்தில், உரோமத்தையும் பல்லையும் மட்டும் பார்த்துச் சொல்லப்பட்ட இந்த ஊகம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் எழுத்துக்கு எழுத்து மெய்யானது.

எலியின் பல்லை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கியவர்களுள் ஹான்ஸ் க்ரூனபெர்க் முதன்மையானவர். ஜெர்மனியில் பிறந்த யூதரான அவர், இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் மரபியலாளர் ஹால்டேனின் அழைப்பின்பேரில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். எலி மரபியல் பற்றி அவர் 1943-இல் எழுதிய நூல் அத்துறையின் அடிப்படை ஏடாயிற்று. அவருடைய ஆய்வுக்கூடத்தில் இறந்த எலிகளின் தசையைப் பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பைன் என்னும் நொதியில் கரைத்து, எலும்பையும் பல்லையும் சேதமில்லாமல் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தினர். குறிப்பிட்ட ஓர் எலி இனத்தில் மூன்றாம் கடைவாய்ப்பல் சில குட்டிகளுக்கு மட்டும் இல்லாமற்போவதை 1951-இல் ஆராய்ந்த க்ரூனபெர்க், பல் இருப்பது இல்லாதது என்ற இரட்டை நிலைக்கு அடியில் முளையின் பருமன் என்ற தொடர்ச்சியான அளவு ஒன்று ஒளிந்திருப்பதையும், முளை ஒரு வரம்புக்குக் கீழே சிறுத்தால் பல்லே உருவாகாமல் மறைந்துவிடுவதையும் காட்டினார். எல்லையைத் தாண்டினால்தான் வெளிப்படும் மரபுக்குறை என்ற இந்தக் கருத்தை ஃபால்கனர் 1965-இல் மனித நோய்களுக்குப் பொருத்திக் கணித வடிவம் கொடுத்தார். இன்று சர்க்கரை நோய் போன்றவற்றின் பரம்பரைத் தன்மையைக் கணக்கிடும் முறையின் பின்னால் ஓர் எலியின் கடைவாய்ப்பல்லும் இருக்கிறது. தென்னிந்தியாவுடனும் க்ரூனபெர்க்குக்குத் தொடர்பு உண்டு. கேரளக் கடற்கரையின் மோனசைட் மணலில் உள்ள தோரியத்தின் கதிர்வீச்சு அங்கு வாழும் எலிகளின் மரபைப் பாதித்திருக்கிறதா என்பதை அறிய, 1960-களில் அப்பகுதியின் எலிகளைச் சேகரித்து எலும்புகளிலும் பற்களிலும் உள்ள சிறு வேறுபாடுகளை எண்ணிப் பார்த்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். மணலை அடுத்த ஊர்களின் எலிகளோடு ஒப்பிட்டபோது தெளிவான பாதிப்பு எதுவும் புலப்படவில்லை.

டேபி எலியின் பல் வேறொரு பெரிய விவாதத்திலும் சாட்சிக் கூண்டேறியது. பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று தற்செயலாக உறங்கிவிடுகிறது என்று ஹார்வெல்லில் பணிபுரிந்த மேரி லயன் 1961-இல் முன்மொழிந்தார். அப்படியானால் ஒரு நல்ல மரபணுவும் ஒரு குறை மரபணுவும் கொண்ட பெண்ணின் உடல் இருவகைச் செல் திட்டுகளால் ஆனதாக இருக்க வேண்டும். க்ரூனபெர்க் இதை ஏற்கவில்லை. டேபிப் பெண் எலிகளின் கடைவாய்ப்பற்களை அளந்து, அவை திட்டுத்திட்டாக இல்லாமல் இடைப்பட்ட அளவில் இருப்பதைக் காட்டி, லயனின் கொள்கையைப் பல ஆண்டுகள் எதிர்த்து எழுதினார். அவருடைய அளவீடுகளில் பிழையில்லை, முடிவில்தான் பிழை இருந்தது. பல் என்பது ஒரு செல்லின் படைப்பு அன்று, பல செல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு கூட்டாகக் கட்டுவது. ஆகவே உறங்கிய செல்லும் விழித்த செல்லும் கலந்திருந்தால் பல்லின் அளவு இடைநிலையில்தான் நிற்கும். லயன் வென்றார். ஆயினும் டேபியின் மரபணு செல்லுக்கு வெளியே பரவிச் செல்லும் ஏதோ ஒரு பொருளைச் சார்ந்தது என்ற குறிப்பு தோற்றவருடைய பற்களில்தான் புதைந்திருந்தது என்பதை இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவுக்குக் கவனித்ததில்லை.

இவற்றோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல் நோயெதிர்ப்பியல் தன் வழியே சென்றுகொண்டிருந்தது. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1890-களில் புற்றுநோயாளிகளுக்குக் கிருமி நச்சைச் செலுத்தியபோது சிலருடைய கட்டிகள் சுருங்கின. நச்சு நேரடியாகக் கட்டியை அழிப்பதில்லை, நச்சைக் கண்ட உடல் சுரக்கும் ஒரு பொருளே அதை அழிக்கிறது என்பதை 1975-இல் அதே நகரில் கார்ஸ்வெல், லாய்டு ஓல்டு ஆகியோர் நிறுவி, அப்பொருளைக் கட்டி நசிவுக் காரணி என்று அழைத்தனர். 1984-இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது; பின்னர் அதை ஒத்த புரதங்களும் அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் ஒவ்வொன்றாகத் தெரியவர, அழற்சியையும் வெள்ளணுக்களின் வாழ்வையும் சாவையும் நடத்தும் ஒரு பெருங்குடும்பம் உருவாயிற்று. இந்த ஏற்பிகள் தூண்டப்படும்போது செல்லின் உட்கருவுக்குச் சென்று மரபணுக்களை இயக்கிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தை ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் ஆகியோர் 1986-இல் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களில் கண்டறிந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் அவருடைய கூட்டாளிகளும் பழ ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் டோல் என்ற ஏற்பியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதே டோல் வளர்ந்த ஈயைப் பூஞ்சையிலிருந்து காக்கிறது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் காட்டியபோது நோயெதிர்ப்பியல் உலகம் வியந்தது. கருவியலில் பிறந்த ஏற்பி ஒன்று நோயெதிர்ப்புக்கு இடம்பெயர்ந்த கதை அது. அதே ஆண்டில் எதிர்த்திசையில் மற்றொரு கதை தொடங்கியிருந்ததை அப்போது சிலரே அறிந்திருந்தனர்.

சிந்துக் குடும்பத்தை வருத்திய நோயின் மரபணுவை, ஹெல்சிங்கியின் யூஹா கெரேவும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பணிபுரிந்த ஆனந்த் ஸ்ரீவத்சவா, டேவிட் ஷ்லெசிங்கர் ஆகியோரும் அடங்கிய பன்னாட்டுக் குழு 1996-இல் எக்ஸ் குரோமோசோமிலிருந்து பிரித்தெடுத்தது. 1997-இல் டேபி எலியில் பழுதானதும் அதே மரபணுவே என்பது உறுதியாயிற்று. முதலில் கிடைத்த துண்டு குறுகியதாக இருந்ததால் அப்புரதம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது விளங்கவில்லை. முழு நீளம் கிடைத்த பின் அதன் வால்பகுதி கட்டி நசிவுக் காரணியின் சாயலில் இருப்பது தெரிந்தது. எக்டோடிஸ்பிளாசின் என்று பெயரிடப்பட்ட அப்புரதம் ஒரு செய்தி என்றால், அதை வாங்கும் ஏற்பி எங்கே என்ற கேள்வி எழுந்தது. அதற்கான விடை எலி வளர்ப்பாளர்களின் பட்டியலிலேயே காத்திருந்தது. ஹூஸ்டனில் டெனிஸ் ஹெடன், பால் ஓவர்பீக் ஆகியோர் 1999-இல் டவுன்லெஸ் எலியின் மரபணுவைக் கண்டறிந்தபோது, அது கட்டி நசிவுக் காரணி ஏற்பிக் குடும்பத்தின் புதிய உறுப்பினராக இருந்தது. ஈடார் என்று பெயர்பெற்ற அந்த ஏற்பியே பழுதான மனிதக் குடும்பங்களும் அதே ஆண்டில் அறியப்பட்டன. 2001-இல் கிரிங்கிள்டு எலியின் மரபணுவும் கிடைத்தது. ஈடாருடன் செல்லின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு செய்தியைக் கடத்தும் இணைப்புப் புரதம் அது. டேபி கடிதம், டவுன்லெஸ் அஞ்சல் பெட்டி, கிரிங்கிள்டு பெட்டியைத் திறந்து கடிதத்தை உள்ளே எடுத்துச் செல்லும் ஆள் என்று மூன்று எலிகளும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. உள்ளே சென்ற செய்தி இறுதியில் எழுப்புவது, எதிர்ப்பொருள் செல்களில் கண்டெடுக்கப்பட்ட அதே என்.எஃப்.-கப்பா-பி புரதத்தைத்தான்.

இச்செய்தி பல் முளையில் எங்கே வேலை செய்கிறது என்பதைச் சொல்ல ஹெல்சிங்கியில் ஏற்கெனவே ஒரு மரபு உருவாகியிருந்தது. இர்மா தெஸ்லெஃப், யூக்கா யெர்ன்வால் ஆகியோர் 1994-இல், தொப்பி வடிவ முளையின் நடுவே, தாம் பெருகாமல் அண்டைச் செல்களைப் பெருகச் செய்யும் ஒரு சிறு செல்திரளை விவரித்தனர். எனாமல் முடிச்சு எனப்படும் அத்திரள், பல்லின் முகடுகள் எங்கே எழ வேண்டும் என்பதை முடிவுசெய்யும் தலைமையிடமாகும். ஈடார் ஏற்பி குவிந்திருப்பது இந்த முடிச்சில்தான் என்பதும், அதற்கான செய்திப் புரதம் முளையின் வெளிவிளிம்பில் சுரக்கிறது என்பதும் ஹெல்சிங்கியிலும் லண்டனிலும் 2000-ஐ ஒட்டி வெளியான ஆய்வுகளில் தெளிவாயின. டேபி எலியில் முடிச்சு சிறுத்துப்போவதால் முகடுகள் குறைகின்றன. மாறாக, செய்திப் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கும் எலிகளை உருவாக்கியபோது, வழக்கமான மூன்று கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் கூடுதலாக ஒரு பல் முளைத்தது. பல்லின் எண்ணிக்கையும் முகடுகளின் எண்ணிக்கையும் தனித்தனிப் பண்புகள் என்று கருதிப் புதைபடிவ விலங்குகளை வகைப்படுத்திவந்த தொல்லுயிரியலாருக்கு, ஒரே ஒரு செய்தியின் அளவை மாற்றினாலே அவை ஒருங்கே மாறும் என்று 2004-இல் வெளியான முடிவு சங்கடமான செய்தியாயிற்று.

நோயெதிர்ப்பும் பல்லும் ஒரே பாதையைப் பகிர்வது வெறும் மூலக்கூற்று ஒற்றுமை அன்று என்பதை மருத்துவமனைகள் விரைவில் உணர்த்தின. என்.எஃப்.-கப்பா-பியை விடுவிக்கும் நொதித் தொகுதியின் ஒரு பகுதியான நீமோ என்ற புரதம் 1998-இல் அறியப்பட்டது. அதன் மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில்தான் உள்ளது. அது முற்றிலும் இல்லாத ஆண் கருக்கள் பிழைப்பதில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்களுக்கு, தோலில் சுழல் சுழலாக நிறம் படிவதோடு பற்களும் குறைகின்றன. மூன்றாவது ஒரு கூட்டத்தாரும் உள்ளனர்: நீமோ ஓரளவுக்கு மட்டும் வேலை செய்யும் ஆண் குழந்தைகள். இவர்களுக்குச் சில பற்களே முளைக்கும், அவையும் கூம்புபோலக் கூர்த்திருக்கும். அத்துடன் நிமோனியாக் கிருமிகளும் காசநோய்க் கிருமியின் உறவினங்களும் இவர்களை மீண்டும் மீண்டும் தாக்கும். பல்லுக்கு ஈடாரிலிருந்து வரும் செய்தியும் கிருமியைக் கண்டு டோல் வகை ஏற்பிகளிலிருந்து வரும் செய்தியும் நீமோ என்ற ஒரே வாயிலில் சந்திப்பதே இதற்குக் காரணம் என்பதை 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் செய்யப்பட்ட ஆய்வுகள் விளக்கின. அடிக்கடி கடும் தொற்றுக்கு ஆளாகும் ஆண் குழந்தையின் வாயைத் திறந்து முன்பற்களின் வடிவத்தைப் பார்ப்பது அன்றிலிருந்து நோயெதிர்ப்பு மருத்துவரின் பரிசோதனையில் ஓர் அங்கமாயிற்று.

பல் உருவான பின் ஈறைக் கிழித்து வெளிவருவதிலும் இதே ஏற்பிக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. பல்லின் வேர் வளர்ந்து பல்லை மேலே தள்ளுகிறது என்ற பழைய நம்பிக்கையைச் சோதிக்க, அமெரிக்காவில் மார்க்ஸ், காஹில் ஆகியோர் நாய்க்குட்டிகளின் தாடையில் முளைக்காத பல்லை எடுத்துவிட்டு, அதைச் சூழ்ந்த பையை மட்டும் விட்டுவைத்து, உள்ளே உலோகத்தாலான போலிப் பல்லை வைத்தனர். அந்த உலோகப் பல் உரிய காலத்தில் முளைத்து வெளியே வந்தது என்று 1984-இல் எழுதினர். பையை அகற்றினாலோ நல்ல பல்லும் முளைப்பதில்லை. வழிமறிக்கும் எலும்பைத் தின்று பாதை அமைக்கும் செல்களை அந்தப் பையே வரவழைக்கிறது. அச்செல்களை உருவாக்கும் செய்தியைப் பெறுவது ராங்க் என்ற ஏற்பி. 1997-இல் வெள்ளணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டெடுத்த ஏற்பி அது. அதற்கான செய்திப் புரதம் இல்லாத எலிகளை 1999-இல் உருவாக்கியபோது, அவற்றுக்குப் பற்கள் தாடைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்ததோடு நிணநீர் முடிச்சுகளும் இல்லாமற்போயிருந்தன.

ஈடாரின் வயது பாலூட்டிகளின் பல்லைவிட மிக அதிகம். ஜப்பானிய மெடாக்கா மீனில் அது பழுதானால் செதில்கள் குறைகின்றன என்று 2001-இல் தெரிந்தது. 2008-இல் வரிக்குதிரை மீனில் இதே ஏற்பியும் செய்தியும் பழுதானால் செதிலும் தொண்டைப் பற்களும் குன்றுகின்றன என்று காட்டிய கட்டுரையின் ஆசிரியர்களுள் டோல் புகழ் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் ஒருவர். நோயெதிர்ப்பிலிருந்து பல்லுக்கு வந்த ஏற்பி, கருவியலிலிருந்து நோயெதிர்ப்புக்குப் போன ஏற்பி என்று இவற்றைப் பிரிப்பது கண்டுபிடிப்புகள் நடந்த வரிசையைக் குறிக்குமே தவிர, உயிரினங்களின் வரலாற்றைக் குறிக்காது. மனித இனத்தின் அண்மைக் காலத்திலும் ஈடார் தடம் பதித்திருக்கிறது. கிழக்காசியரிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் மேல் வெட்டுப்பற்களின் பின்புறம் மண்வாரியைப் போலக் குழிந்திருப்பதை மானிடவியலாளர் அலேஷ் ஹர்ட்லிச்கா 1920-இல் விரிவாகப் பதிவுசெய்தார். அக்குழிவுக்கு ஒரு முக்கியக் காரணம் ஈடாரின் 370-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். அதே மாற்றத்தைப் புகுத்திய எலிகளுக்கு உரோமம் தடித்தது, வியர்வைச் சுரப்பிகள் கூடின. இம்மாற்றம் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் நடுச் சீனப் பகுதியில் தோன்றியிருக்கலாம் என்பது 2013-இல் வெளியான மதிப்பீடு.

குறையைச் சரிசெய்யும் முயற்சி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தொடங்கியது. ஒலிவியே காய்து, பாஸ்கால் ஷ்னைடர் ஆகியோர் எக்டோடிஸ்பிளாசினின் செயற்படு பகுதியை எதிர்ப்பொருளின் அடிப்பகுதியோடு இணைத்து ஒரு புதிய புரதத்தைச் செய்தனர். தாயின் எதிர்ப்பொருட்களை நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குக் கொண்டுசெல்லும் அதே பாதையில் இப்புரதமும் சென்றுவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. கருவுற்ற டேபி எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது, குட்டிகள் உரோமத்தோடும் வியர்வைச் சுரப்பியோடும் பிறந்து வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்தன என்று 2003-இல் அறிவித்தனர். இதே குறையுள்ள நாய்க்குட்டிகளுக்குப் பிறந்த பின் கொடுத்தபோதும் நிரந்தரப் பற்கள் பெருமளவு சீராயின என்று 2007-இல் பென்சில்வேனியாவிலிருந்து செய்தி வந்தது. ஆனால் பச்சிளம் மனிதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மனிதக் குழந்தை பிறக்கும்போது, எலிக்குட்டியையும் நாய்க்குட்டியையும் போலன்றி, இவ்வுறுப்புகளின் வளர்ச்சியில் மிகவும் முன்சென்றுவிடுகிறது. எனவே ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹோம் ஷ்னைடர் தலைமையிலான குழு, கருப்பையிலேயே மருந்தைச் செலுத்த முடிவு செய்தது. கருவிலுள்ள குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருப்பதால் மருந்தைப் பனிக்குடத்துக்குள் ஊசியால் விட்டால் போதும். இரட்டையருக்கு 26-ஆவது வாரத்திலும் 31-ஆவது வாரத்திலும், வேறொரு தாயின் குழந்தைக்கு 26-ஆவது வாரத்தில் ஒரு முறையும் மருந்து செலுத்தப்பட்டது. மூன்று ஆண் குழந்தைகளும் பிறந்த பின் இயல்பாக வியர்த்தன என்ற முடிவு 2018-இல் வெளியாயிற்று. கூடுதல் குழந்தைகளிடம் இதைச் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வு பின்னர் தொடங்கப்பட்டது.

இச்சிகிச்சையின் பெரும்பயன் வியர்வைக்கே கிட்டுகிறது, பல்லுக்கு அன்று. வியர்வைச் சுரப்பிகள் கர்ப்பத்தின் பிற்பாதியில் உருவாவதால் 26-ஆவது வாரத்து ஊசி அவற்றுக்கு உரிய காலத்தில் சென்று சேர்கிறது. பால்பற்களின் மொட்டுகளோ மூன்றாம் மாதம் முடிவதற்குள் இடம்பிடித்துவிடுகின்றன. அதனால் இக்குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட்டும், தாடை வளர்ந்து முடிந்த பின் எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லும் பொருத்துவதே இன்றும் பல் மருத்துவத்தின் வழக்கமான முறையாக உள்ளது.